ரெண்டு கோட்டை

சனிக்கிழமை காலை அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முற்றத்தில் என் வீட்டுக்காரர் சுயம்புராஜ் போனில் பேசியது காதில் விழுந்தது.

"ரெண்டு கோட்டையையும் உச்சைக்கு முன்னயே முடிச்சிரலாம். நீ ஒண்ணும் யோசிக்காண்டாம். அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

என் கை அப்படியே நின்றது. ரெண்டு கோட்டை என் வயல். எங்கள் நாஞ்சில் நாட்டில், விதைக்க எத்தனை கோட்டை நெல் வேண்டுமோ அந்தக் கணக்கில்தான் வயலைச் சொல்வது பழைய வழக்கம். கல்யாணத்தின்போது அப்பா என் பேரில் எழுதித் தந்தது இரண்டு கோட்டை விதைப்பாடு. வீட்டில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. சுற்றியிருந்த வயல்களெல்லாம் மண்ணடித்து, கல் நட்டு, பிளாட்டாகிவிட்டன. நடுவில் என்னுடையது மட்டும் பச்சையாகக் கிடக்கிறது. அதுவும் போய்விட்டால் எனக்கென்று சொல்ல இந்த வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூடக் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அடுக்களைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி பூங்கனி, நாளைக்குக் கடலு பாக்கப் போவமா?"

தோவாளையில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் இந்த மனுஷன் எனக்காக ஒரு நாள்கூட அதை அடைத்ததில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்றால், "தண்ணிதானே, கெணத்தில பாரு" என்பார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"கடலக் காட்டி என்னையக் கவுத்திரலாம்ணு நெனச்சீங்களா? எனக்க ரெண்டு கோட்டைய எவனுக்கு விக்கப் போறீங்க?"

கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கோட்டைண்ணா கல்லுக்கோட்டைட்டி! வட்டக்கோட்டை ஒண்ணு, உதயகிரிக்கோட்டை ஒண்ணு. ரெண்டையும் பாத்துட்டு, முட்டத்தில போயி மீனு தின்னிட்டு வருவோம்ணு காருக்குச் சொல்லிட்டிருந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து வெளியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. ஓட்டி வந்தவன் பெயர் ஸ்ரீஜித், ஊர் களியக்காவிளை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, விரலில் கல் மோதிரம். தோவாளையிலேயே இத்தனை கார் நிற்கும்போது மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து எதற்கு ஒருவன்? கேட்டேன்.

"தெரிஞ்ச பயல்" என்றார் இவர்.

போகிற வழியில் என் வயல் வந்ததும் கார் மெதுவானது.

"இது உங்களுக்க வயலா அக்கா? நல்ல ரோட்டோரம்" என்றான் ஸ்ரீஜித். நான் இவரைப் பார்த்தேன். இவர் தூரத்தில் சுழன்ற மின்சாரக் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வட்டக்கோட்டையில் சரிவு ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் கழித்து! மேலே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. காற்று ஆளைத் தள்ளியது. அந்தக் கையை விட எனக்கு மனமில்லை. சந்தேகம் பாதி அங்கேயே பறந்துவிட்டது. உதயகிரிக்கோட்டையில் மானைப் பார்த்தோம். என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். மிச்சப் பாதியும் போயிற்று.

முட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடை. நெய்மீன் பொரித்தது, கணவாய், மரச்சீனிக் கிழங்கு, மீன்கறி. ஸ்ரீஜித்தும் எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்தான். இவர் முள் எடுத்து நல்ல துண்டாக என் இலையில் வைத்தார். நான் வழக்கத்தைவிட ரெண்டு துண்டு கிழங்கு கூடுதலாகவே தின்றேன். சந்தோஷத்தில்தான்.

ஸ்ரீஜித் கை கழுவிவிட்டு வந்தான்.

"அண்ணாச்சி, அக்காகிட்ட சொல்லிரட்டா?"

இவர் இலையைக் குனிந்து பார்த்தார்.

"அக்கா, வயல வாங்கப் பார்ட்டி ரெடியா நிக்கு. நீங்க ஒரு கையெழுத்து போட்டா மதி, வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

நேற்று போனில் சொன்னது, 'அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்.' கோட்டைக்கு அர்த்தம் சொன்னவர் இதற்கு அர்த்தம் சொல்லவே இல்லை. கடல் பார்க்கிற ஆசையில் நானும் கேட்க மறந்துபோனேன். வயலைப் பற்றி எனக்குப் பயமில்லை, என் கையெழுத்து இல்லாமல் அது எங்கே போகும்? ஆனால் அந்தக் கை. காலையில் சரிவில் பிடித்த அந்தக் கை. அதுதான் எரிந்தது.

"வட்டக்கோட்டை பாத்தாச்சு, உதயகிரிக்கோட்டை பாத்தாச்சு. எனக்க ரெண்டு கோட்டை மேல மட்டும் மனக்கோட்டை கெட்டாதீங்க" என்று எழுந்தேன்.

"மீனு ஆறுதுட்டி" என்றார் மெல்ல.

"ஆறட்டும். வந்த இடத்தில நான் கடலயாவது பாக்கேன்."

கடைக்குப் பின்னால் பாறை வழியாகத்தான் கடற்கரைக்கு இறங்க வேண்டும். ஈரத்தில் வழுக்கியது. பின்னாலேயே ஓடி வந்தவர், "பிடிச்சுக்கோ, விழுந்திராத" என்று கையை நீட்டினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தனியாகவே இறங்கினேன்.