நான் சரிசெய்த ஊர்

ரத்னாவின் ஊரில் மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியபோதுதான் சிக்கல் தொடங்கியது. முதலில் சாலையில் கார்கள் மாட்டுவண்டி போல ஊர்ந்தன. அப்புறம் இசை விக்கியது. பிறகு ஊர் மொத்தமும் மறைந்து, கம்ப்யூட்டர் திரையில் வெறும் நீலமும் ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படமும் மட்டும் நின்றன.

"இன்னாங்க, என் ஊரு மறுபடியும் பூட்ச்சு," என்றாள்.

அது நகரம் கட்டும் விளையாட்டு. 2006இலேயே ஏழெட்டு வருடம் பழையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் என்னோடு வேலை பார்த்த மொஹசின் கொடுத்த சிடி. எனக்காகத்தான் கொடுத்தான். நான் அதிலிருந்த ரீட்மீ கோப்பை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு வைத்துவிட்டேன். விளையாடியது என் மனைவி.

நான் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. வேலை முடிந்து வந்தால் புத்தகம், புத்தகம் இல்லையென்றால் ஜன்னல். அந்த நேரத்திலெல்லாம் ரத்னா ஊர் கட்டினாள். எட்டு மாதத்தில் அவளுக்கு ஒரு துறைமுகமும் இரண்டு ஆஸ்பத்திரியும் ஒரு ரயில் பாதையும் சேர்ந்திருந்தன. சோறு போடும்போது, "மேட்டுத் தெருவுக்கு இன்னிக்குத் தண்ணி வந்துச்சுங்க," என்பாள். நான் "ம்" என்பேன். எங்கள் பேச்சுவார்த்தை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஊர் போனால் அதுவும் போய்விடும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

"பார்க்கிறேன்," என்றேன்.

இந்தச் சொல்லை நான் சொன்னால் நம்புவார்கள். ஸ்டோர்ஸில் யார் எதைக் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. பதில் தெரியாது என்பதுதான் காரணம். ஆனால் தலையைச் சற்றுத் தாழ்த்தி நீண்ட நேரம் சும்மா இருந்தால், எதிரில் நிற்பவர் அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொள்கிறார். பதினோரு வருடத்தில் நான் சீனியர் ஆனது இப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டரை அணைத்தேன். அது உறுமிக்கொண்டிருந்தால் எனக்கு யோசனை வராது. எதிரில் நாற்காலியைப் போட்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்தேன். பிறகு மறுபடி போட்டு, விளையாட்டின் இசையை நிறுத்தினேன். ஊர் அருமையாக ஓடியது.

"பரவால்லியே!" என்றாள் ரத்னா.

நான் எதுவும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். வெற்றி பெற்றவனுக்கு அடக்கம் அழகு. நாற்பது நிமிடத்தில் ஊர் மறைந்தது.

மறுபடி அணைத்தேன். இம்முறை யோசனை ஒன்றரை மணிநேரம் நீடித்தது. படத்தின் துல்லியத்தைக் குறைத்தேன். சாலைகள் படிக்கட்டு மாதிரி ஆயின. ஆனால் ஓடியது. அடுத்த வாரம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து புதிய டிரைவர் மென்பொருள் போட்டேன். ஊரின் ஆறு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. ஆனாலும் ஓடியது. நான் எவ்வளவு அதிக நேரம் யோசித்தேனோ அவ்வளவு அதிக நேரம் ஊர் தாக்குப்பிடித்தது. இதை நான் கவனித்தேன். கவனித்து, என் சிந்தனையின் ஆழம்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தேன்.

மூன்றாவது வாரம் மொஹசின் கேட்டான். "இன்னாண்ணே, பொட்டி தேறிச்சா?"

"கொஞ்சம் சிக்கலான விஷயம்."

"நீ யோசிச்சுக்கினே இரு, அண்ணி பெரிய மெட்ராஸே கட்டி முடிச்சுடுவாங்க. ஃபார்மட் அடிச்சுடுண்ணே. எதுக்கு பேஜாரு?"

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை ரத்னாவிடம் சொன்னேன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும் என்று.

"அப்போ என் ஊரு?"

"அதுவும் போகும்."

"வேற எதுலயாவது எடுத்து வைக்க முடியாதா?"

ஃப்ளாப்பியில் வைத்துப் பார்த்தேன். ஊர் ஃப்ளாப்பியை விடப் பெரிதாக வளர்ந்திருந்தது. சிடியில் எழுதும் வசதி எங்கள் பெட்டியில் கிடையாது.

"நெஜமா வேற வழியே இல்லீங்களா?"

இங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது, "எனக்குத் தெரியலை." இரண்டே சொல். தலையைத் தாழ்த்தினேன். நீண்ட நேரம் சும்மா இருந்தேன். பிறகு, "இல்லை," என்றேன்.

அவள் ஒருமுறை ஊரைத் திறந்து, துறைமுகத்திலிருந்து மேட்டுத் தெரு வரை மெதுவாக நகர்த்திப் பார்த்தாள். பிறகு எழுந்து நாற்காலியை எனக்கு விட்டாள்.

அழிப்பது சுலபமாக முடிந்தது. அதற்கு என் சிந்தனை தேவைப்படவில்லை. பிறகு விண்டோஸ் கோப்புகள் ஏறத் தொடங்கின. முப்பத்திநாலு சதவீதத்தில் எல்லாம் உறைந்தது. மறுபடி போட்டேன், இருபதில் உறைந்தது. இன்னொரு முறை போட்டேன், ஒன்பது.

விளையாட்டே இல்லாத கம்ப்யூட்டர், விளையாட்டைப் போலவே நின்றுபோனது. அணைப்பதற்குக் கையை நீட்டினேன்.

"இப்போ ஒக்காந்து யோசிப்பீங்க, அப்புறம் ஓடும்," என்றாள் ரத்னா பின்னாலிருந்து. "நீங்க யோசிக்கிறப்போ அது இன்னா பண்ணுது?"

"ஒன்றும் இல்லை. அணைந்திருக்கும்."

அவள் வந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"தோசைக்கல்லு மாதிரி கொதிக்குதுங்க."

ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை எடுத்தோம். எங்கள் தெருவில் காயப்போட்ட வேட்டியில் படிகிற அதே கரிய தூசி, உள்ளே கம்பளி போலத் திரண்டு கிடந்தது. நடுவில், பெட்டியைக் குளிரவைக்க, கைக்கடக்கமான ஒரு சின்ன விசிறி. அது சுற்ற முடியாமல் தூசிக்குள் சிக்கியிருந்தது. ரத்னா பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டினாள். கால் மணிநேர வேலை. மூன்று வாரமாக அந்த விசிறியின் வேலையை என் சிந்தனைதான் செய்துவந்திருக்கிறது. அதைவிட மெதுவாக.

மதியத்துக்குள் விண்டோஸ் ஏறியது. விளையாட்டும் ஏறியது. சாயங்காலம் வரை ஒருமுறை கூட நிற்கவில்லை. ஓடுவதற்குத்தான் ஊர் இல்லை. திரை முழுவதும் பச்சை வெளி.

"ரத்னா," என்றேன். "வேறு வழி இல்லை என்று சொன்னேனே, அது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன்."

அவள் திரும்பவில்லை. "மூணாவது ஆஸ்பத்திரிக்கு எடம் பாத்து வெச்சிருந்தேன்," என்றாள்.

நான் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். புத்தகத்தை எடுக்கவில்லை. வெகுநேரம் அவள் மவுஸைத் தொடாமலே இருந்தாள். பிறகு ஒரு சாலை போட்டாள். நாலு வீடு வைத்தாள்.

"தொழிற்சாலையை எங்க வெக்கலாம்?"

என் தலை தானாகவே தாழ்ந்தது.

"யோசிக்காதீங்க. சொல்லுங்க."

"மேற்கே வை," என்றேன் அவசரமாக. "மத்தியானம் கடல்காற்று அடிக்கும். புகை ஊருக்குள் வராது."

"இதுல காத்தே அடிக்காதுங்க. எட்டு மாசமா பக்கத்துலயே ஒக்காந்திருந்தீங்களே, அது கூடவா தெரியாது?"

"தெரியாது."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தொழிற்சாலையைக் கிழக்கே வைத்தாள்.