ராசிக்காரியின் விரல்

தையல் கடையில் இரண்டு மெஷின்களில் ஒன்றை எடுத்துவிடப் போகிறார்கள். அதோடு வெளியே போவது அம்மாவா, எதிர் மெஷின் அக்காவா என்பதுதான் பாக்கி.

"யாரைப் போகச் சொன்னாலும் பாவம் எனக்குத்தான். சீட்டு போட்டுடலாம், வர்ற பேரு இருக்கட்டும்," என்றார் மாஸ்டர்.

அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் தைக்கும் காலரில் ஒரு சுருக்கம் இருக்காது. அவளோ என் தங்கையை முன்னால் தள்ளினாள். "என் பொண்ணு எடுக்கட்டும். கைராசிக்காரி."

"ஆமாமா, இவ பகடையைத் தொட்டா ஆறுதானே! எடுக்கட்டும்," என்று எதிர் மெஷின் அக்கா சிரித்தாள். மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

பாம்பும் ஏணியும் ஆடும்போது தங்கை பகடையை ஊதுவாள். எல்லாரும் அவள் வாயைப் பார்ப்பார்கள். நான் விரலைப் பார்ப்பேன். ஆறை மேலே வைத்து, உருளவிடாமல் சறுக்கிவிடுவாள். தனியாக உட்கார்ந்து அதையே பழகுவாள்.

மாஸ்டர் இரண்டு சீட்டுகளைப் பட்டன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.

"ஊதிட்டு எடுடி, தங்கம்."

டப்பாவுக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது.

"அம்மா, ஆறு தானா விழாது. நான்தான் விழவைப்பேன்." சட்டைப் பையிலிருந்து பகடையை எடுத்து மேஜையில் சறுக்கினாள். ஆறு. மறுபடியும் ஆறு. "இந்தக் கைக்குச் சீட்டு எடுக்கத் தெரியாதும்மா."

"அடிப்பாவி, இத்தனை நாளா ஏமாத்தினியா!" என்றாள் எதிர் மெஷின் அக்கா.

அம்மா கையை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. ஓங்கிய கை டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடியது.

"சீட்டு வேணாம் மாஸ்டர். ஆளுக்கொரு காலர் குடுங்க. யார் தைச்சதுன்னு தெரியாம பார்த்து, எது நல்லாருக்குன்னு சொல்லுங்க."

"நான் மட்டும் ராசியிலயா தைக்கிறேன்? குடுங்க," என்றாள் எதிர் மெஷின் அக்கா.

மாஸ்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு மெஷின்களும் ஓடின. அம்மா காலர் முனையை அவசரமாகத் திருப்பியதை நான் மட்டும் பார்த்தேன்.

தைத்த இரண்டையும் மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான்," என்று ஒன்றை உயர்த்தினார். அது அம்மாவுடையது இல்லை.

தெருவுக்கு வந்ததும் தங்கை தேம்பினாள். "நான் சீட்டே எடுத்திருக்கலாம்."

"எடுத்துத் தோத்திருந்தா, ஏன் தோத்தேன்னு யாரைக் கேக்கறது?" அம்மா கையோடு கொண்டுவந்த, தான் தைத்த காலரை விரித்து, மழுங்கிய முனையைத் தடவினாள். "இங்கதான் கோட்டை விட்டேன். வாங்கடி, அடுத்த தெருவுலயும் ஒரு கடை இருக்கு."