சத்தமில்லாத பதிவு

டிலானியின் குரலில் ஒரு குறையும் இல்லை. குறை குரலுக்குப் பின்னால் இருந்தது. பிள்ளைகளுக்கான கதைகளை வாசித்துப் பதிவு செய்யும் கொழும்புக் கம்பெனியில் ஆள் எடுக்கிற நுஸ்கா அதைத் தன்மையாகத்தான் எழுதியிருந்தாள். வாசிப்பு அருமை, ஆனால் அடியில் ஏதோ இரைகிறது, அது இல்லாமல் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், வேலை உங்களுக்குத்தான்.

ஓப்பநாயக்க ஊருக்கு மேலே, தேயிலை மலையை வெட்டி அதன் இடுப்பில் ஒட்டவைத்த லயம் அது, ஆறு குடும்பத்துக்கு ஆறு காம்பரா என்று ஒரே வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடு. வரிசையின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பரா டிலானியுடையது. இந்த வேலை கிடைத்தால், கொழும்பில் துணிக்கடையில் காலெல்லாம் வீங்க நிற்கிற புருஷன் லோஜனை வீட்டோடு கூப்பிட்டுக்கொள்ளலாம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்திருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

போன மாத லீவில் வந்தபோது லோஜன்தான் பதிவுக்கு இடம் பார்த்துக் கொடுத்தான். முன்பக்கம் ரோட்டுச் சத்தம், பக்கத்துச் சுவர் பலகை. அதனால் மலையைப் பார்த்த பின்சுவரில் ஆணியடித்து மைக்கின் இரும்புக் கையை மாட்டினான். எதிரொலி வராமலிருக்க, கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டித் தேய்ந்துபோன பழைய படங்குகளை லயம் முழுக்கக் கேட்டு வாங்கி, அந்தச் சுவரை மேலிருந்து கீழ்வரை மூடினான். சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. தோட்ட நிர்வாகம் இரண்டு தரம் சிமெண்ட் பூசியும் ஆறாத வெடிப்பு. அதுவும் மறைந்தது நல்லதாயிற்று என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள். அறிவுகெட்ட சந்தோஷம்.

மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற சவுண்ட் கார்டு வாங்கப் பலாங்கொடை டவுனுக்குப் போனாள். மலிவாகக் கேட்டதும் கடைக்காரர் ஸியாம் கலர் கலராகப் பொத்தான் வைத்த ஒன்றைக் காட்டினார். ஒரு பொத்தானை அழுத்தினால் கைதட்டல், இன்னொன்றுக்குச் சிரிப்பு. அதில் பதிந்ததைத்தான் நுஸ்கா வேண்டாமென்றாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது டிலானிக்கும் கேட்டது. அடித்தொண்டையில் யாரோ உறுமுவதுபோல ஒரு இரைச்சல், நடுவே எப்போதாவது ஒரு "டக்".

திரும்ப ஓடினாள். ஸியாம் நல்ல மனிதர், தெரிந்ததைச் சொன்னார். லயத்து வீடுகளில் எர்த் வயர் கிடையாது, மலிவு கார்டு கரண்டின் இரைச்சலையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்சம் கூடப் போட்டால் இதை எடுக்கலாம் என்று சின்னதாய்க் கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்தார். கைதட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. மைக்குக்கு ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை, ஓரத்தில் "லோ கட்" என்று ஒரு பொத்தான். அடிச்சத்தத்தை வெட்டிவிட்டுக் குரலை மட்டும் எடுக்கும் என்றார்.

புதுக் கார்டிலும் முதலில் இரைச்சல் கேட்டது. முன்னைவிடத் துலக்கமாகவே கேட்டது. அன்று பக்கத்துக் காம்பரா இராஜம் வந்திருந்தாள். கொழுந்தெடுத்து ஓய்ந்து, இப்போது ஒரு கறவை மாட்டை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். ஹெட்போனை மாட்டிவிட்டதும் அவள் முகம் மாறியது.

"சொவத்துக்குள்ள என்னமோ ஓடுது புள்ள. எனக்கு ரெண்டு நாளா படுத்தா முதுகுல தெரியுது."

"அது மெஷின் கோளாறு பெரியம்மா. கரண்ட் சத்தம். இப்ப பாருங்க," என்று டிலானி பொத்தானை அழுத்தினாள். சத்தம் நின்றது. இராஜம் சிரித்துவிட்டாள். அவளுக்கும் அதைத்தான் நம்ப ஆசை.

ஆசைக்குக் காரணம் இருந்தது. மலை இறங்கும், மழை கூடினால் வெளியேறுங்கள் என்று லயத்துச் சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் நோட்டீஸ் ஒட்டி நாலு வருஷம். மூன்று தரம் பாயும் பானையுமாக ஸ்கூல் மண்டபத்துக்குப் போனார்கள். மூன்று தரமும் மலை அசையவில்லை. கடைசித் தரம் திரும்பி வந்தபோது இராஜத்தின் கன்றுக்குட்டியைத்தான் காணோம். புலி வருது புலி வருது கதையாகிவிட்டது. நோட்டீஸின் பாதி அடுப்பெரிக்கப் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் மழை தூறலாய்க் குறைந்த நேரம் பார்த்து டிலானி கதையை வாசித்து அனுப்பினாள். மூன்று நாள் விடாத மழையில்கூட அந்தப் பதிவு கண்ணாடியாக இருந்தது. மனசு நிறைந்து, மத்தியானம் இன்னொரு கதையைப் பழக உட்கார்ந்தாள். பாதியில் கரண்ட் போனது. லயம் முழுக்க இருட்டு. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது.

கரண்டே இல்லாதபோது கரண்ட் இரைச்சல் எங்கே போகும்? விளையாட்டாகத்தான் லோ கட் பொத்தானை மறுபடி அழுத்தி நிறுத்தினாள்.

மைக்கை மாட்டிய சுவருக்குள்ளிருந்து உறுமல் அப்படியே வந்தது. "டக்" என்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி "டக்". முன்னெல்லாம் எப்போதாவது வந்தது, இப்போது அடுக்கடுக்காக வந்தது. அடியில் தண்ணீர் ஓடியது. கூரையில் விழுகிற மழை இல்லை, கல்லை உருட்டிக்கொண்டு ஓடுகிற தண்ணீர். டிலானி ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். எழுந்து படங்கைப் பிடித்து இழுத்தாள். சிமெண்ட் பூச்சு பிளந்து, வெடிப்புக்குள் அவள் கை முழுசாகப் போகும்போல் இருந்தது. உள்ளேயிருந்து செம்மண் தண்ணீர் கசிந்தது.

போட்டது போட்டபடி வெளியே ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சுவரைக் காட்டியதும் நாலு வீட்டார் வேறு பேச்சுப் பேசவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இராஜம் மட்டும் பின்னால் மாட்டுக் கொட்டிலில் நின்றாள்.

"பெரியம்மா, மலை இறங்குது. வாங்க."

"நீதானே அது மெஷின் கோளாறுன்னு சொன்ன?" இராஜம் கோபமாகக் கேட்கவில்லை. சும்மா ஞாபகப்படுத்தினாள்.

"நான் சொன்னது தப்பு. கரண்ட் இல்லாமலும் கேக்குது."

"சரி, நீ போ. போன தடவ கன்ன விட்டுட்டுப் போய்த்தான் நாசமாப் போனேன். இத அவுத்துக்கிட்டுப் பின்னாலயே வாறேன்."

டிலானி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இராஜம் கையை உதறிக்கொண்டு முளையில் இறுகிக் கிடந்த கயிற்றின் முடிச்சில் குனிந்தாள். கீழேயிருந்து யாரோ டிலானியின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் இறங்கினாள். ஸ்கூல் வாசலை மிதித்தபோது மலை வந்தது. லாரி கல் கொட்டுகிறதுபோல ஒரே ஒரு தரம் கேட்டது. அப்புறம் மழை மட்டும்தான் கேட்டது.

வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பாக மண் கிடந்தது. எது தொங்கல் காம்பரா, எது பக்கத்துக் காம்பரா என்று சொல்ல முடியவில்லை. மாடு கயிற்றை இழுத்தபடி தேயிலைக்குள்ளிருந்து தனியாக வந்தது. முடிச்சு அவிழ்ந்துதான் இருந்தது.

டிலானியின் இடுப்பில் போன் அதிர்ந்தது. நுஸ்கா வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். எடுத்த வேகத்தில் விரல் பட்டுத் தானாகவே ஒலித்தது. மண்டபத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இந்த முறை சூப்பர் டிலானி. வேலை உங்களுக்குத்தான். பின்னுக்கு ஒரு சத்தமும் இல்ல. நல்ல அமைதியான இடத்துல இருக்கீங்க போல."