கதவுக்கும் காபிக்கும் நடுவே ஏழு நிமிடம்

12-8-2003, செவ்வாய்

நேற்றைய பக்கத்தில் ஒரு சின்னப் பிழை. "பிரின்சி சொன்னது பொய்" என்று எழுதியிருக்கிறேன். "பிரின்சி சொன்னதை நான் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். அடித்துத் திருத்திவிட்டேன். ஆனால் நோட்டில் எழுதியதையே நேற்று வாயாலும் சொல்லிவிட்டேன், பதினாறு பேர் முன்னால்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் சீனுவாசன் சார் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாலை ஆறு மணி வகுப்பு எங்களுடையது. எல்லோரும் பகலில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். நான் உரக்கடை. அரிபிரசாத் எஸ்.டி.டி. பூத். பிரின்சி ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் எழுதுகிறாள். சொந்த ஊர் திண்டிவனம், இங்கே சித்தி வீட்டில் இருக்கிறாள். 30-ஆம் தேதி ஹையர் பரீட்சை. ஆனால் ஒரு மாதமாக வகுப்பில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "விண்வெளி வேங்கைகள்" மூன்றாம் பாகம். இங்கிலீஷ் படம், தமிழ் பேசி வந்திருக்கிறது. நாலாவது பாகம் எடுக்கப் போகிறார்களாம். அதில் கேப்டன் ஸெல்மா இருக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை.

முதல் இரண்டு பாகத்தில் ஸெல்மாவை எல்லோருக்கும் பிடிக்கும். மூன்றாவதில் விண்வெளி நிலையம் தீப்பிடிக்கிறது. ஹீரோ பிரெக்கும் ஆறு பேரும் ஓடி வருகிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் ஸெல்மா விண்கப்பலின் இரும்புக் கதவை மூடிவிடுகிறாள். அடுத்த காட்சியில் கப்பல் பறக்கிறது, அவள் கையில் காபி. தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. "ஏழு பேர கொன்னுட்டு காபி குடிக்கிறா பாரு!" என்று அரி செருப்பைக் கழற்றினான். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

சென்னையிலிருந்து வரும் ஒரு சினிமா வாரப் பத்திரிகை இது பற்றி வாசகர் கருத்து கேட்டிருக்கிறது. கடைசி நாள் 25. எங்கள் வகுப்பு சார்பில் "ஸெல்மாவை நீக்குக" என்று கடிதம் தயாரானது. தமிழ் மெஷினில் நான்தான் அடித்தேன், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அதில் "எங்கள் நண்பர் மணிமாறனின் குறிப்பேட்டின்படி" என்று ஒரு வரி உண்டு. அந்தப் படத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்து, காட்சி வாரியாக எண் போட்டுக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். மொத்தம் அறுபத்தொரு காட்சி. அதனால் வகுப்பில் என் பெயர் "ரெக்கார்டு".

நேற்று கையெழுத்துக் கேட்டபோது பிரின்சி போட மாட்டேன் என்றாள்.

"கடிதத்துல தப்பு இருக்கு. கதவ மூடிட்டு அவ சும்மா இல்ல. ரேடியோவுல ஏழு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடறா. ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசறா."

"எந்தப் படத்துல?" என்றான் அரி.

"இதே படத்துலதான். திண்டிவனத்துல பார்த்தேன்."

"ஓஹோ, பிரின்சிக்குன்னு தனியா எடுத்து அனுப்பியிருக்காங்களா? டேய் ரெக்கார்டு, எடுடா உன் நோட்ட!"

எடுத்தேன். எழுந்து நின்று படித்தேன். "காட்சி 41, கதவு மூடுகிறது. காட்சி 42, கப்பல் பறக்கிறது, காபி. நடுவுல எதுவும் இல்ல. பிரின்சி சொல்றது பொய்."

எல்லோரும் சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து யாரோ "ரீல் பிரின்சி" என்றார்கள். அவள் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டாள். அப்போது மணி ஆறு இருபது. இன்று வரவில்லை.

அவளுக்கு வேகம் நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. எங்கள் வகுப்பில் முதல் வகுப்பு வாங்குவாள் என்று சார் சொல்வது அவள் ஒருத்தியைத்தான்.

13-8-2003, புதன்

இன்றும் வரவில்லை. சார் விசாரித்தார். "உடம்பு சரியில்லையாம், பரீட்சைக்கு வரலைன்னு சித்தி போன்ல சொன்னாங்க. பணம் கட்டி ஹால் டிக்கெட்டே வந்தாச்சு, என்னய்யா இது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார். அரி தன் மெஷினில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான்.

தியேட்டர் இருட்டில் குனிந்துதான் குறிப்பெடுக்கிறேன். குனிந்திருந்த நேரத்தில் ஒரு காட்சி போயிருக்கலாமா? ஒரு தடவை போகலாம், மூன்று தடவையும் போகுமா? அவள் வேறு படத்தோடு குழப்பிக்கொண்டாளா? மூன்று தடவை பார்த்தவன் நான், ஒரு தடவை பார்த்தவள் அவள். கணக்குப்படி நான்தான் சரி. ஆனால் பொய் சொல்கிறவர்கள் "ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசறா" என்று அவ்வளவு அமைதியாகச் சொல்வார்களா என்று தெரியவில்லை.

திண்டிவனத்தில் படம் இன்னும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், கடை லீவு. அரியிடம் சொன்னேன்.

"வர்றேன். அந்த சீன் இல்லன்னா திரும்பி வர்றப்ப நீ பஸ்ல நின்னுக்கினே வரணும்," என்றான்.

"இருந்தா?"

"இருக்காதுடா."

15-8-2003, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

என் வீடு இருக்கும் கெடாரிலிருந்து எட்டரை மணி டவுன் பஸ்ஸில் விழுப்புரம் வந்தேன். அங்கே அரி சேர்ந்துகொண்டான். சென்னை பஸ்ஸில் நல்ல கூட்டம். விக்கிரவாண்டி தாண்டுகிற வரை அரி கண்டக்டருக்கே கதை சொல்லிக்கொண்டு வந்தான். கூட்டேரிப்பட்டில் இறங்கவேண்டிய ஒரு பெரியவர் "அப்புறம் கதவ மூடிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

மேட்னி இரண்டரை. தரை டிக்கெட் தீர்ந்து பெஞ்சுதான் கிடைத்தது. இந்த முறை நான் குனியவில்லை. நோட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு தீப்பிடித்தது. ஏழு பேரும் ஓடி வந்தார்கள். கதவு மூடியது. அடுத்து கப்பல் பறக்கும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் பறக்கவில்லை.

ஸெல்மா ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். முகம் மட்டும் திரை முழுக்க. "டோமா," என்று கூப்பிடுகிறாள். அந்த நொடியில் தியேட்டர் முழுக்க அவளோடு சேர்ந்து "டோமா!" என்று கத்தியது. திண்டிவனத்துக்காரர்களுக்கு மனப்பாடம்! ஒவ்வொரு பெயருக்கும் விசில், கைதட்டல். ரேடியோவில் ஒருவன் தன் நாயை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கிறான். ஒருவன் அவளை அசிங்கமாகத் திட்டுகிறான், அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "மூடினது நான்தான். யாரும் சொல்லி மூடல," என்கிறாள். ஏழாவது பெயர் பிரெக். அதற்கு மட்டும் தியேட்டரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது.

பிரெக் அவளை மன்னிக்கவில்லை. "தீ கப்பலுக்கு வர இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சு ஸெல்மா," என்று மட்டும் சொல்கிறான். ரேடியோ அணைகிறது. அவள் கை தடதடவென்று ஆடுகிறது. பக்கத்தில் இருக்கிற பைலட் ஒரு குவளையை அந்தக் கையில் திணித்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடிக்கிறான். அதுதான் அந்தக் காபி. அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவே இல்லை!

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம்.

"வெட்டிட்டானுங்கடா!" அரி என் தோளைப் பிடித்து உலுக்கினான். "நம்ம ஊருல வெட்டிட்டானுங்க! மூணு தடவ காசு குடுத்துப் பார்த்தோமே மணி!" முன் பெஞ்சிலிருந்து "யோவ் உக்காருய்யா" என்று சத்தம் வந்தது. உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்தான். நான் பார்ப்பதைப் பார்த்து, "தூசு," என்றான்.

வெளியே டீக்கடையில் சொன்னோம், எங்கள் ஊர்ப் படத்தில் இது இல்லையென்று. கடிதம் தயாரான கதையையும் சொன்னோம். பத்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"அதான் விழுப்புரத்தாளுங்க எல்லாம் அவள கழுவிக் கழுவி ஊத்தறீங்களா!"

"காபி குடிச்சிட்டு கப்பல் ஓட்டுனான்னா நினைச்சீங்க?"

"இத வச்சிக்கினு பத்திரிகைக்கு லெட்டர் வேற போடறாங்களாம்பா!"

அரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது நான் எதிர்பார்க்காதது. "யார்ரா சொன்னது? நாலாவது பாகத்துல ஸெல்மாதான் ஹீரோ. அவ இல்லன்னா நான் படமே பார்க்க மாட்டேன்!"

"அட, இப்பதானே வந்த, அதுக்குள்ள கட்சி மாறிட்டியா?"

"ரெண்டு நிமிஷம் இருந்துச்சே, அதுக்கு என்ன சொல்ற?" என்று இன்னொருவன் மல்லுக்கு நின்றான். "அவ பயந்து மூடிட்டாய்யா. பேர் சொல்லிட்டா சரியாப் போயிடுமா?"

காட்சியைப் பார்த்த பிறகும் சண்டை தீரவில்லை. முன்னைவிட நன்றாக இருந்தது. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து, கப்பலில் எத்தனை பேருக்கு இடம் என்று கேட்டார். நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

அங்கே தேவநாதன் என்று ஒருவன், என் வயதுதான் இருக்கும், மரக்காணம் பக்கம் கடற்கரைக் குப்பம். படம் பார்க்கவே வந்தவன். அவன் சத்தம் போடாமல் சொன்னான்:

"எங்க மாமா ஒருக்கா கடல்ல காத்துல மாட்டிக்கினு, கட்டி இழுத்துக்கினு வந்த பக்கத்து வூட்டு போட்டோட கயிற அறுத்து வுட்டுட்டாரு. அறுக்கலன்னா ரெண்டும் போயிருக்கும். கரைக்கு வந்ததும் வூட்டுக்குப் போவல. நேரா அந்த வூட்டு வாசல்ல போய் நின்னாரு. அடிச்சாங்க, வாங்கிக்கினாரு. ஸெல்மாவும் நாலாவது பாகத்துல ஏழு வூட்டு வாசல்லயும் போய் நிக்கணும். ரேடியோவுல பேசறது வேற, நேர்ல நிக்கறது வேற. அதுக்கு அவ உசிரோட இருந்தாவணும் இல்ல?"

பிறகு "அப்ப பிரெக் பொண்டாட்டி அவள சுடுவாளா மாட்டாளா?" என்று ஒருவன் ஆரம்பிக்க, மறுபடி பற்றிக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அரி நின்றுகொண்டு வந்தான்.

17-8-2003, ஞாயிறு

நேற்று மதியம் விழுப்புரம் தியேட்டருக்குப் போய் ஆபரேட்டர் ராயப்பன் அண்ணனைக் கேட்டேன். சற்றும் தயங்காமல் சொன்னார்: "ஆமா, எடுத்துட்டேன். லீவு நாள்ல அஞ்சு ஷோ ஓட்டணும்னு சொன்னாங்க. சண்டைய எடுத்தா ஜனம் சீட்டக் கிழிக்கும். இந்தப் பொண்ணு உக்காந்துக்கினு பேசிக்கினே இருக்குது, அத எடுத்தா யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியவில்லை, உண்மைதான். பிரின்சிக்குத் தவிர.

இன்று காலை மாதா கோவில் பூசை முடிகிற நேரத்துக்கு சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று துண்டுச்சீட்டில் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். பிரின்சி சித்தியோடு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, சித்தியை முன்னால் போகச் சொன்னாள். எனக்கு முதல் வரியே மறந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை திண்டிவனம் போனோம். நானும் அரியும். அந்த சீன் இருக்குது. ஏழு நிமிஷம். இங்க வெட்டிட்டாங்க. நான் சொன்னது தப்பு."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"இத ஏன் என்கிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. பொய்ன்னு யார் முன்னாடி சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொல்றேன். நாளைக்கே."

"லேபுக்கு வர்ற பசங்க வரைக்கும் ரீல்னு கூப்பிடறாங்க. தெரியுமா?"

தெரியாது. இல்லையென்று தலையை ஆட்டினேன். அவள் நடக்க ஆரம்பித்தாள். இரண்டடி போனவள் நின்று திரும்பினாள்.

"தியேட்டர்ல பேர் சொல்லிக் கத்தினாங்களா?"

"கத்தினாங்க! டோமான்னு ஆரம்பிச்சு! பிரெக் பேருக்கு மட்டும்..."

"கம்முனு ஆயிடுவாங்க," என்று அவளே முடித்தாள். குரல் மாறிவிட்டது. "எனக்கு அங்க முடியெல்லாம் நின்னுக்கிச்சு."

"அரி கட்சி மாறிட்டான். ஸெல்மாதான் நாலாவது பாகத்துல ஹீரோவாம்."

"ஐயோ, கூடவே கூடாது!" என்றாள். "நாலாவது பாகத்துல அவ சாவணும். முதல் அரை மணி நேரத்துலயே."

நான் விழித்தேன். "அவளுக்காகத்தானே நீங்க கையெழுத்து போடல?"

"நான் எப்ப அவ செஞ்சது சரின்னேன்? பேர் சொல்லிக் கூப்பிட்டான்னுதானே சொன்னேன். ரெண்டு நிமிஷம் இருக்குன்னு தெரிஞ்சே மூடினா. தப்புதான். ஆனா செய்யாத தப்பையும் அவ தலையில கட்டக் கூடாது இல்ல?"

அங்கேயே சைக்கிள் ஸ்டாண்டில் பத்து நிமிடம் சண்டை போட்டோம். தேவநாதன் சொன்ன ஏழு வாசல் கதையைச் சொன்னேன். "அது நல்லா இருக்கு," என்று யோசித்தாள். "அப்ப ஏழாவது வாசல்ல சாவட்டும்." சித்தி தூரத்திலிருந்து கூப்பிட்டார். வகுப்புக்கு வருவாளா என்று கேட்டேன். "நீங்க சொன்னதுக்கு அப்புறம் வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை வந்தால்கூடப் பரீட்சைக்குப் பதினொரு நாள் இருக்கிறது.

ஸெல்மா பற்றி என் சொந்தக் கருத்து என்ன என்று எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நாளை, திங்கள். 5.45-க்கு இன்ஸ்டிடியூட் போய், சார் மேஜை டிராயரில் இருக்கும் கடிதத்தைத் தபாலுக்குப் போவதற்கு முன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, மெஷின் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன், எழுந்து நின்று சொல்ல வேண்டும்: பிரின்சி சொன்னது உண்மை, நான் சொன்னதுதான் தப்பு. துண்டுச்சீட்டு இல்லாமல்.