கழுவுச் சோளம்

தீவன ஆலையின் பரிசோதனை அறையில், அங்கே வேலை பார்க்கும் பெண் மூன்றாவது முட்டையை உடைத்தாள். முதல் இரண்டும் அடித்துக் கலக்கப்பட்டு கண்ணாடிக் குவளைகளில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் விரல் நீளத்தில் ஒரு சோதனை அட்டை. கோழிக்குக் கொடுத்த மருந்தின் மிச்சம் முட்டையில் இல்லையென்றால் அட்டையில் இரண்டு கோடு விழும். இருந்தால் ஒன்றோடு நின்றுவிடும். முதல் இரண்டு அட்டையிலும் ஒற்றைக் கோடுதான். மூன்றாவதிலும் அப்படியே விழுந்ததும், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தீவன மாதிரியைக் கொடுக்க வந்த கலவைக்காரர் வாசலிலேயே நின்றார். சோளத்தையும் புண்ணாக்கையும் கலக்கும் பெரிய இயந்திரம் அவர் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

"என்ன மேடம், முட்டை கெட்டுப்போச்சா?"

"முட்டை நல்லாத்தான் இருக்குண்ணே. அட்டைதான் கெட்டுப்போச்சு. உங்க வீட்டு முட்டையிலயே மருந்து இருக்குன்னு சொல்லுது."

விஷயம் இதுதான். முந்தின நாள், ஆலையில் தீவனம் வாங்கும் ஒரு பெரிய பண்ணையின் முட்டைகளில் மருந்து இருப்பதாக அவள் கண்டுபிடித்து, சந்தைக்குப் போகாமல் நிறுத்தி வைத்திருந்தாள். பண்ணைக்காரர் தொலைபேசியில் குதித்தார். உன் அட்டைதான் பொய் சொல்கிறது என்றார். சரி, சந்தேகமே இல்லாத முட்டையை வைத்து அட்டையைச் சோதித்துவிடுவோம் என்று அவள் தேடியபோது, ஆலையில் பத்துப் பேரும் ஒரே வீட்டைத்தான் கைகாட்டினார்கள். கலவைக்காரரின் மனைவி வளர்க்கும் எட்டுக் கோழிகளின் முட்டை. மருந்து வாசனையே அறியாத முட்டை என்று தெருவெல்லாம் பேர் வாங்கியது.

சத்தம் கேட்டு வந்த மேலாளர் அட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். "அந்த அம்மா முட்டையில மருந்துன்னா, அப்புறம் குழாய்த் தண்ணியைக்கூட நம்ப முடியாது. அட்டைப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடும்மா. பண்ணைக்காரர்கிட்ட ஒரு மன்னிப்பைக் கேட்டுட்டு, முட்டையை விட்டுரு." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவள் பெட்டியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கலவைக்காரருக்குக் காரணம் புரிந்துவிட்டது. முன்பெல்லாம் கோழி சீக்கிரம் பருக்கட்டும் என்று எல்லாத் தீவனத்திலும் மருந்து போட்டார்கள், யாரும் கேட்டதில்லை. புதுச் சட்டம் வந்த பிறகு அது நின்றுபோனது. நோய் கண்ட கோழிக்கு, அதுவும் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் மருந்துத் தீவனம். அதைக் கலந்து முடித்ததும் இயந்திரத்துக்குள் வெறும் சோளத்தைப் போட்டு ஓட்ட வேண்டும். உள்ளே ஒட்டிய மருந்தையெல்லாம் அந்தச் சோளம் துடைத்துக்கொண்டு வரும். ஆலையில் அதற்குக் கழுவுச் சோளம் என்று பேர். அதைச் சிவப்பு நூலால் தைத்த மூட்டையில் கட்டி, பின்னால் உள்ள குழியில் புதைக்க வேண்டும். கூட்டம் போட்டு மேலாளர் சொன்ன வாக்கியம் அவருக்கு அப்படியே நினைவிருந்தது: "இந்த மூட்டை எந்தப் பண்ணைக்கும் போகக் கூடாது."

ஒரு பண்ணைக்கும் போகவில்லை. அதில் அவர் கறாராக இருந்தார். ஆனால் பொன் போன்ற சோளத்தை மண்ணில் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. மூட்டையின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டு, ஒரு பை அளவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். வீடு என்ன பண்ணையா? எட்டே எட்டுக் கோழி. எல்லாவற்றுக்கும் மனைவி செல்லப் பேர் வேறு வைத்திருக்கிறாள். பேர் வைத்த கோழியைப் பண்ணைக் கோழிக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இன்றோடு சோளத்தை நிறுத்திவிட்டால் கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்துக்கு இந்த முட்டைதான் போகப்போகிறது. மனைவி மாதக்கணக்காக நடந்து வாங்கிய வாய்ப்பு அது. அதற்காகப் புது முட்டைத் தட்டுகள்கூட வாங்கி அடுக்கியிருக்கிறாள். சொன்னால் அது போகும். சொல்லாவிட்டால் இந்த முட்டை அந்தக் குழந்தைகளின் தட்டுக்குப் போகும். இந்தப் பெண்ணும் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பாள்.

"மேடம், பெட்டியைத் திருப்பி அனுப்பாதீங்க. அட்டை சரியாத்தான் சொல்லுது," என்றார்.

முழுக் கதையையும் கேட்டு முடிக்கும்போது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்புதான். கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். "அண்ணே, என் வயித்துல பாலை வார்த்தீங்க."

"என் வீட்டுல என்னத்தை வார்ப்பாங்கன்னு தெரியல மேடம்."

பிறகு அவளே சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இந்த மருந்து துளித்துளியா உள்ள போனா கிருமி அதுக்குப் பழகிடும்ணே. நாளைக்குக் குழந்தைக்கு நிஜமாவே உடம்பு முடியாம அதே மருந்தைக் கொடுத்தா, கிருமி 'வா மச்சான்'னு பக்கத்துல உக்கார வச்சுக்கும். அதுக்குத்தான் இவ்வளவு சட்டமும்."

"நீங்களும் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னீங்கன்னா நல்லாருக்கும்."

"முட்டையைச் சோதிக்கக் கூப்பிடுங்க, வரேன். உங்களுக்கு விழுற திட்டைப் பங்கு போட நான் வரமாட்டேன்."

அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி ஈரத்துணியால் முட்டைகளைத் துடைத்துப் புதுத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "எதை உடைச்சீங்க?"

"ஏன், ஒண்ணும் உடைக்கலையே."

"வந்ததும் மடக்மடக்குன்னு தண்ணி குடிக்கிற ஆளு, செம்பைக் கையில வச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறீங்க."

அவர் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் கையிலிருந்த முட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே பளபளவென்றிருந்த முட்டை அது. பிறகு அதைப் பதமாகக் கீழே வைத்தாள்.

"பண்ணைக்குப் போகக் கூடாதுன்னா வீட்டுக்கு வரலாமா?"

"நம்ம வீடு பண்ணை இல்லையேன்னு..."

"இன்னையிலேர்ந்து இது பண்ணைதான். நான் முதலாளி. நீங்க ஒன்பதாவது கோழி." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, என் கோழிக்கு மருந்துன்னா என்னன்னே தெரியாதுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லியிருக்கேன். என் வாயாலேயே பொய் சொல்ல வச்சிருக்கீங்க. கிளம்புங்க, போகலாம்."

"எங்க?"

"எங்கெங்க முட்டை போச்சோ அங்கெல்லாம்."

தெருவில் அவர் முன்னால் நடக்க, அவள் பின்னால் வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவர்தான் பேச வேண்டும். அவள் பக்கத்தில் நின்று, எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பாள். "சிவப்பு நூலைச் சொல்லலையே," என்பாள். தையல்காரர் முழுதும் கேட்டுவிட்டு, "அதான் கொஞ்ச நாளா எனக்கு இருமலே காணோம்," என்றார். இருமிக் காட்டவும் செய்தார். அவர் மனைவி அவரை உள்ளே தள்ளிவிட்டு, மிச்சமிருந்த முட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மூன்றாவது வாசல் வருவதற்குள் கலவைக்காரருக்குப் பேச்சு சரளமாகிவிட்டது. நாலாவதில் கையை ஆட்டி விளக்கவும் ஆரம்பித்தார். "ரொம்ப ரசிச்சுச் சொல்லாதீங்க," என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

காப்பகம் கடைசி. பொறுப்பிலிருந்த அக்கா, தூங்கி எழுந்த ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் கடைசியில்.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே அக்கா," என்றாள் மனைவி.

அக்கா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினார். "இந்தத் திங்கக்கிழமை முடியாது. ரெண்டு கோடு விழுந்த அட்டையோட வாங்க, பார்ப்போம். அதுவரைக்கும் கடை முட்டைதான்."

மனைவி தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். இரண்டடி போனவள் நின்றாள். "கடைக்காரர்கிட்ட அட்டை கேட்டீங்களா அக்கா?"

அக்கா குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைபேசியை எடுத்தார். "அந்தப் பரிசோதனைப் பொண்ணோட நம்பரைச் சொல்லுங்க."

வீடு திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. மனைவி இப்போது பின்னால் வராமல் பக்கத்தில் நடந்தாள். கேட்டைத் திறந்ததும் எட்டுக் கோழிகளும் ஓடிவந்து கலவைக்காரரைச் சூழ்ந்தன. சோளம் வரும் நேரம் அது. அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நம்பவில்லை. சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். அதையும் நம்பாமல், கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தன. சரி, போங்கள் என்று அவர் காலை உதறியபோது, வேலைக்காகச் சுருட்டிவிட்டிருந்த கால்சட்டை மடிப்பிலிருந்து ஒரே ஒரு சோளம் தெறித்துத் தரையில் விழுந்தது.

கோழிகளுக்கு முன்னால் மனைவியின் கால் அதன்மேல் விழுந்துவிட்டது.

அது கழுவுச் சோளமோ, வெறும் சோளமோ, யாருக்குத் தெரியும். அவள் காலை எடுக்கவில்லை. எட்டுக் கோழிகளும் அந்தக் காலைச் சுற்றி வட்டமாக நின்று, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் அசையாமல் நின்றபடி, "குனிஞ்சு எடுங்க," என்றாள் அவரைப் பார்த்து.