ஏழாம் வரிசையில் நாற்பத்து மூன்று

நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு 'மேப்பு' என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும். குழாய், தெருவிளக்கு, இடுகாடு என்று இருபது வருடமாகப் பழைய மென்பொருளில் வரைந்து வைத்த வரைபடங்களை எல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது. பழைய கோப்பு புதியதில் லேசில் திறக்காது. ஒவ்வொன்றாக வடிவம் மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

இடுகாட்டு வரைபடத்தில் குழிக்கு ஒரு புள்ளி. சொடுக்கினால் பேரும் தேதியும் வரும். ஏற்றும்போது, பேர் காலியாக இருக்கும் புள்ளிகளை ஏற்க முடியாது, விட்டுவிடலாமா என்று கணினி கேட்டது. யாரோ கை தவறி வைத்த புள்ளிகள் என்று நினைத்து, 'சரி' என்று தட்டிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது.

"ஏழாம் வரிசையில நடைபாதை போடப்போறதா நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க சார்," என்றார் கணவர். "அங்க எங்க குழந்தை இருக்கு."

மேப்பு திரையைப் பார்த்தார். ஏழாம் வரிசை வெறும் தரையாகக் கிடந்தது.

"குழந்தை பேர் என்னங்க?"

"பேர் இல்ல சார். பிறக்கும்போதே உயிர் இல்ல."

மேப்பு பழைய கோப்பைத் தேடித் திறந்தார். ஏழாம் வரிசை நெடுகப் புள்ளிகள், மற்ற வரிசைகளைவிட நெருக்கமாக. எண்ணினார். நாற்பத்து மூன்று. எல்லாவற்றிலும் தேதி மட்டும்தான்.

"தப்பு என்னோடதும்மா. நான்தான் விட்டுட்டேன்."

திட்டுவார்கள் என்று மேப்பு எதிர்பார்த்தார். அந்த அம்மா திரைக்குக் கிட்டே குனிந்து, "எங்களது எது?" என்று மட்டும் கேட்டார். தேதியைச் சொன்னதும் மேப்பு காட்டினார். தொடப் போன விரலைப் பாதியில் நிறுத்திக்கொண்டார் அந்த அம்மா.

"பேர் இருக்கிற இடத்துல எதையாவது போட்டாத்தான் இது ஏத்துக்கும். 'குழந்தை'ன்னு போடட்டுமாம்மா?"

அந்த அம்மா ஒரு பேரைச் சொன்னார். மெல்லச் சொன்னதால் மேப்பு மறுபடி கேட்க வேண்டியிருந்தது. கணவர் சட்டென்று திரும்பினார்.

"நீ பேர் வெச்சிருந்தியா? எங்கிட்டகூடச் சொல்லலியே."

"யாரும் கேக்கலையே," என்றார் அவர்.

கணவர் அந்தப் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதி மேப்பு அன்றே பொறியாளரிடம் கொடுத்தார். மேப்புக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. நடைபாதை மதில் ஓரமாக நகர்ந்தது. இடுகாட்டுப் பதிவேட்டில் இருந்த முகவரிகளைக் கொண்டு மற்ற நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் கடிதம் போனது. பல கடிதங்கள் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. பதினொரு வீட்டிலிருந்து பதில் வந்தது. அதில் பத்துக் கடிதங்களில் பேர் இருந்தது. ஒருவர் மட்டும், குழந்தை என்றே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.