நாற்பத்தோராம் இலக்கம் அன்ரன்

அன்ரனைப் போல ஒரு அவசரக்காரனை அந்த அகதி விடுதி கண்டதில்லை. ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய குடும்பத்தை, ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு மலையூரில் கொண்டுவந்து விட்டு மூன்று வருசம். வேலை செய்ய அனுமதியில்லை. கை கால் சும்மா கிடக்குமா அந்த மனிசனுக்கு?

முதல் பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்குப் பழக்கினார்கள். ஏழு வயது மகள் தேவமலர் உடம்பெல்லாம் பனியோடு வந்து, "அப்பா, எனக்கு இன்னும் வேணும்!" என்றாள். பள்ளிக்கூடம் ஒரு சோடி பழைய சறுக்குப் பலகையை இரவல் கொடுத்தது. விடுதிக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது.

"வேலை செய்யத்தான் விடமாட்டாங்கள். மலை ஏறவும் அன்ராக் எழுதி விண்ணப்பிக்கோணுமோ?" என்றான் அன்ரன். பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவான். மகள் சறுக்கி வருவாள். திரும்பவும் ஏறுவான். தொடக்கத்தில் அவளுடைய ஜாக்கெற்றைப் பின்னால் பிடித்தபடி கூடவே ஓடி, இரண்டு பேருமாக உருண்டதும் உண்டு. சறுக்கலைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஊர்ப் பிள்ளைகள் பழகுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, அதையே இவளுக்குச் சொல்லுவான்.

அங்கே வளைந்து வளைந்து இறங்கக் கொடி நட்டிருந்தார்கள். இவன் தான் உடுக்கிற சாறத்தைக் கிழித்து விளக்குமாற்றுத் தடிகளில் கட்டி நட்டான்.

"இருந்த ஒரேயொரு நல்ல சாறம்! உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினாள் மனைவி பேர்பெச்சுவா. கத்தினாலும் அடிவாரத்தில் நேரம் பார்த்தது அவள்தான். மணிக்கூடு இல்லை, அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லித்தான் கணக்கு. முதல் வருசம் மகள் வந்து சேர மூன்று மந்திரம் போனது. மூன்றாம் வருசம் ஒரு மந்திரத்துக்கு ஆமென் சொல்ல முதலே கடைசிக் கொடியைத் தாண்டிவிட்டாள்!

சாறக் கொடிகளைக் கண்ட பள்ளிக்கூடத்துக் கெல்லர் ரீச்சர்தான் அவளை ஊர்ச் சறுக்குக் கழகத்தில் சேர்த்தார். எண்பத்தெட்டு மாசியில் தெரிவுப் போட்டி வந்தது. பெண்பிள்ளைகளில் முதல் மூன்று பேருக்கு மாவட்ட அணியில் இடம், பலகையும் பயிற்சியும் இலவசம். இடம் கிடைக்காவிட்டால் இரவல் பலகையை வருகிற கிழமை திருப்பிக் கொடுக்கவேணும். அதோடு எல்லாம் முடிந்தது.

அண்டைக்குப் பார்த்துப் பெண்பிள்ளைகளின் பட்டியலில் மலரைக் காணவில்லை!

கெல்லர் ரீச்சர் ஓடிப்போய்த் தேடிக்கொண்டு வந்தார். ஆண்பிள்ளைகளில் நாற்பத்தோராம் இலக்கம், அன்ரன். விண்ணப்பத்தை நிரப்பியது நம்ம ஆள்தானே! நம்ம ஊரில் எழுதுகிற மாதிரி முதற்கட்டத்தில் தகப்பன் பெயர், இரண்டாவதில் பிள்ளையின் பெயர். ஜெர்மன்காரனுக்கு முதற்கட்டத்தில் இருப்பதுதான் பிள்ளையின் பெயர். அன்ரன் என்றால் அவனுக்குப் பொடியன் பெயர்.

"ஐயோ, நானே பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன்," என்று அன்ரன் தலையில் கைவைத்தான். போட்டி அலுவலர் முகத்தைச் சுளித்தார். பட்டியலை மாற்ற ஏலாதாம். பொடியன்களோடு இறங்கட்டும், பிறகு நேரத்தைப் பெண்பிள்ளைகளோடு ஒப்பிடலாம் என்றார். அதற்குள் பெண்பிள்ளைகளும் பொடியன்களுமாக எண்பது பேர் இறங்கி, பாதை உழுத வயலாகிவிடும்.

"பரவாயில்லை அப்பா," என்றாள் மலர். "எங்கடை சரிவு இதைவிட மோசம்."

பெண்பிள்ளைகளில் மூன்றாவதாக வந்தவளின் நேரம் ஐம்பத்திரண்டு தசம் எட்டு செக்கன். அதை அடிக்கவேணும்.

நாற்பத்தொன்று புறப்பட்டது. பேர்பெச்சுவா மந்திரத்தைத் தொடங்கினாள். இரண்டாம் கொடியில் மலரின் ஒரு கால் குழிக்குள் இழுபட்டது. "மாதாவே!" என்றாள் தாய். மலர் சரியவில்லை, நிமிர்ந்துவிட்டாள்! ஒலிபெருக்கி பெயரைச் சொன்னதுதான் தாமதம், கரையில் நின்ற சனமெல்லாம் கத்தத் தொடங்கியது. "அன்ரோன்! அன்ரோன்! ஹொப், ஹொப், ஹொப்!" பேர்பெச்சுவா மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தானும், "அன்ரன்! ஓடு அன்ரன்!" என்று குதித்தாள். கலியாணம் கட்டிப் பத்து வருசத்தில் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிசி!

ஐம்பத்திரண்டு தசம் ஐந்து.

மலர் பலகையோடேயே சறுக்கிவந்து தாயின் மேல் விழுந்தாள். அன்ரன் நின்ற இடத்திலேயே நின்று விக்கி விக்கி அழுதான்.

"ஏன் அழுகிறீங்கள்? அவள் வென்றிட்டாள்!" என்றார் கெல்லர் ரீச்சர்.

"இந்த நாட்டிலை என்ரை பேரைக் கூப்பிட்டாலே இல்லையெண்டு சொல்லத்தான் கூப்பிடுவினம்," என்றான் அன்ரன். "இண்டைக்குத்தான் சந்தோசமாக் கூப்பிட்டவை."

அலுவலர் மாவட்ட அணிக்கான தாளையும் பேனாவையும் நீட்டினார். அன்ரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மலரே வாங்கி முதற்கட்டத்தில் தேவமலர் என்று எழுதினாள்.

"அப்பா, நீங்கள் எனக்குப் பின்னாலை நில்லுங்கோ," என்று சொல்லி இரண்டாவதில் அன்ரன் என்று எழுதினாள்.

"ஓம் பிள்ளை, நிக்கிறன்," என்று அன்ரன் அவளுடைய ஜாக்கெற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டான்.